கல்லூரி வாசல் வரை வரும் சட்டம்: ஐ.டி. பொறியாளராகும் பாதையும் அந்தப் பணியும்

சென்ற ஆண்டு, திருப்பரங்குன்றத்தை அடுத்த ஒரு தலித் குடியிருப்பிலிருந்து தாயும் மகனும் என் அலுவலகத்துக்கு வந்தனர். மகன் பொறியியல் முடித்தவர். அக்குடும்பத்தின் முதல் பட்டதாரி. ஒரு சிறு மென்பொருள் நிறுவனம் அவருக்கு வேலை தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு ஈடாகப் பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான அசல் சான்றிதழ்களை நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும். கையெழுத்திடலாமா என்பது மகனின் கேள்வி. சித்தாள் வேலைக்குச் செல்லும் தாயின் கேள்வி வேறு: “ஏம்மா, கம்ப்யூட்டர் வேலை, கம்ப்யூட்டர் வேலைங்கிறாகளே, உள்ள உக்காந்து அப்பிடி என்னதான் வேலை பாப்பாக?”

மகனின் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தில் விடை உண்டு. தாயின் கேள்விக்கான விடை ஆதிக்கச் சாதிக் குடும்பங்களில் ஒரு சித்தப்பாவிடமோ மாமாவிடமோ எளிதாகக் கிடைத்துவிடும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம், நேர்காணலில் என்ன கேட்பார்கள், எந்தத் தாளில் கையெழுத்திடக் கூடாது என்பன அக்குடும்பங்களில் உணவு மேசையிலேயே பரிமாறப்படும் அறிவு. நம் பிள்ளைகளுக்கு அந்த மேசை இல்லை. இக்கட்டுரை அந்த அறிவில் ஒரு பகுதியைத் தர முயல்கிறது. கூடவே ஓர் உண்மையையும் சுட்ட விரும்புகிறது: கல்லூரியில் சேரும் வரை சட்டம் ஒரு தலித் மாணவருக்குத் துணையாக வருகிறது, கல்லூரியிலிருந்து நிறுவனத்துக்குள் நுழையும் வாசலில் அது நின்றுவிடுகிறது.

திருப்பரங்குன்றமும் தகவல் தொழில்நுட்பமும்

திருப்பரங்குன்றம் என்றதும் மலையும் முருகன் கோயிலும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தென் தமிழகத்தின் பொறியியல் கல்வி வரலாற்றிலும் இவ்வூருக்கு இடம் உண்டு. கருமுத்து தியாகராசர் 1957ஆம் ஆண்டில் நிறுவிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இங்குதான் உள்ளது. அரசு உதவி பெறும் தன்னாட்சிக் கல்லூரி அது. தேனி சாலையில் வடபழஞ்சியிலும், நகரின் மறுபுறம் இலந்தைக்குளத்திலும் எல்காட் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பச் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் உள்ளன. எச்.சி.எல். போன்ற பெருநிறுவனங்கள் மதுரையிலேயே மையங்களை நடத்துகின்றன. மாட்டுத்தாவணியில் டைடல் பூங்காவுக்கு 2025இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

சென்னையின் டைடல் பூங்கா 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அன்று மதுரை மாணவருக்கு ஐ.டி. வேலை என்பது ஊரை விட்டுப் போவதாக இருந்தது. இன்று வீட்டிலிருந்து பேருந்தில் சென்று வரும் தொலைவிலும் அந்த வேலை இருக்கிறது. பெண் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கும், வாடகையும் முன்பணமும் புரட்ட முடியாத குடும்பங்களுக்கும் இது சிறிய மாற்றம் அல்ல. தொலைவு குறைந்திருக்கிறது. வாசல் அகன்றிருக்கிறதா என்பதே நம் கேள்வி.

உள்ளே உட்கார்ந்து என்ன வேலை?

வெளிநாட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனம் இருப்பதாகக் கொள்வோம். அதன் வாடிக்கையாளர்கள் கைபேசி வழியாகத் தவணை கட்டுகிறார்கள். அந்தச் செயலி, அதன் பின்னால் உள்ள கணக்கீடு, லட்சக்கணக்கானோரின் விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளம், இவை அனைத்தையும் இயக்கும் கணினிகள் ஆகியவற்றை உருவாக்கவும் பழுதின்றி ஓட்டவும் அந்நிறுவனம் ஓர் இந்திய ஐ.டி. நிறுவனத்துக்குக் கூலி தருகிறது. அந்த இந்திய நிறுவனத்தின் மதுரைக் கிளையில் நம் பொறியாளர் அமர்ந்திருக்கிறார்.

இந்த வேலையைச் சில கட்டங்களாகப் பிரிக்கலாம். வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுவது முதற்கட்டம். அதை எப்படிக் கட்டுவது என வடிவமைப்பது இரண்டாவது. ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற மொழிகளில் நிரல் எழுதுவது மூன்றாவது. எழுதியதில் பிழை தேடிச் சோதிப்பது நான்காவது. பயன்பாட்டுக்கு வெளியிடுவது ஐந்தாவது. வெளியிட்ட பிறகு நாள்தோறும் வரும் பழுதுகளைச் சரிசெய்வது ஆறாவது. இவற்றுள் நிரல் எழுதுவதே ஐ.டி. வேலை என்று மாணவர்கள் நினைக்கின்றனர். புதிதாகச் சேருவோரில் பெரும் பகுதியினர் சோதனையிலும் பராமரிப்பிலும்தான் வேலையைத் தொடங்குகின்றனர்.

பராமரிப்புப் பணியில் உள்ள ஒருவரின் நாளைப் பார்ப்போம். வாடிக்கையாளரின் புகார் ஒவ்வொன்றும் ‘டிக்கெட்’ என்ற பெயரில் கணினித் திரையில் வந்து விழும். குறிப்பிட்ட ஒரு மாநிலத்தைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் தவணைத் தொகை தவறாகக் காட்டுகிறது என்பது புகார் எனில், தரவுத்தளத்தில் எஸ்.கியூ.எல். மொழியில் வினவித் தவறு எங்கே நிகழ்ந்தது என்று தேட வேண்டும். காரணம் கண்டு திருத்தி, மூத்தவரின் பார்வைக்கு அனுப்பி, அவர் சொல்லும் குறைகளைச் சரிசெய்து, செய்ததை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக எழுத வேண்டும். இத்தனையும் ஒப்பந்தத்தில் குறித்த மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அமெரிக்காவின் பகல் நமக்கு இரவு என்பதால் இரவுப் பணியும், விடுமுறை நாளில் அழைப்பு வந்தால் எடுக்க வேண்டிய முறையும் உண்டு.

ஒவ்வொரு நாளும் குழு கூடி, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது தடையாக உள்ளது என்று ஒவ்வொருவரும் சொல்லும் சிறு கூட்டம் நடக்கும். ஒவ்வொரு மணி நேரமும் எந்தப் பணிக்குச் செலவானது என்று பதிய வேண்டும். வாடிக்கையாளரிடம் நிறுவனம் கூலி கேட்பது அக்கணக்கை வைத்துத்தான். எந்தத் திட்டத்திலும் சேர்க்கப்படாமல் சம்பளத்துடன் காத்திருக்கும் காலத்தை ‘பெஞ்ச்’ என்பார்கள். பெஞ்சில் நீண்ட நாள் இருப்பவர்தான் ஆட்குறைப்பின்போது முதலில் கண்ணில் படுவார். ஆண்டுதோறும் மதிப்பீடு உண்டு; ஊதிய உயர்வும் பதவி உயர்வும் வெளிநாட்டு வாய்ப்பும் அதைச் சார்ந்தவை.

சம்பளம் குறித்தும் தெளிவு வேண்டும். பெரிய சேவை நிறுவனங்களில் புதியவர்களுக்கான பொதுவான தொடக்க ஊதியம் பல ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம் ரூபாய் என்ற அளவிலேயே நிற்கிறது. ஆண்டுக்கு 3.5 லட்சம் என்றால் மாதம் 29,000 ரூபாய் கைக்கு வரும் என்று கணக்கிடக் கூடாது. நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதி, பணிக்கொடைக்கான தொகை, காப்பீடு, கிடைத்தாலும் கிடைக்காமல் போனாலும் கேட்க முடியாத ‘மாறும் ஊதியம்’ ஆகியவையும் அத்தொகைக்குள் அடங்கும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பம் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

சேர்க்கை: சட்டம் துணை வரும் பகுதி

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடப்படும் ‘கட்-ஆஃப்’ மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வை நடத்துகிறது. பட்டியல் சாதி மாணவர்கள் விண்ணப்பிக்க இம்மூன்று பாடங்களில் சராசரியாக 40 விழுக்காடு போதும்.

1993ஆம் ஆண்டின் தமிழ்நாடு இட ஒதுக்கீட்டுச் சட்டம் மொத்தம் 69 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. அரசியலமைப்பின் 76ஆவது திருத்தத்தால் 1994இல் அது ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. 2009ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்குள் 3 விழுக்காடு அருந்ததியருக்கு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. பட்டியல் சாதிகளுக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்ததன் மூலம் அருந்ததியர் ஒதுக்கீடும் உறுதியானது.

இங்கே ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டும். பொதுப் போட்டிக்கான 31 விழுக்காடு யாருக்கும் ஒதுக்கப்பட்டதன்று. உயர்ந்த கட்-ஆஃப் பெற்ற தலித் மாணவர் அவ்விடத்தைப் பெறலாம். பெற்றால் அது 18 விழுக்காட்டுக் கணக்கில் சேராது. “உனக்குத்தான் கோட்டா இருக்கிறதே” என்று சொல்வோருக்கும், அதைக் கேட்டு ஒதுங்குவோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டின் சட்டம் 7.5 விழுக்காடு முன்னுரிமை தருகிறது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதற்குள் அடங்கும். இப்பிரிவில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது.

ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பத்து மாணவர்களுக்கு பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை உண்டு. 2012ஆம் ஆண்டின் அரசாணை 92, சுயநிதிக் கல்லூரிகளில் பயில்வோருக்கும் கட்டணத்தை அரசே ஏற்க வழிசெய்தது. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களும் இதில் பயனடைகின்றனர். பின்னர் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோர் இதிலிருந்து விலக்கப்பட்டனர். ஆகவே இடைத்தரகர் பேச்சை நம்பிக் கலந்தாய்வைத் தவிர்த்து, நிர்வாக ஒதுக்கீட்டில் சேரும் தலித் மாணவர் தம் உதவித்தொகையைத் தாமே இழக்கிறார். ஒன்றிய அரசின் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. அது கல்லூரிக்குச் செலுத்த வேண்டிய பணம் என்பதை மறந்துவிட்டால், இறுதியாண்டில் நிலுவை மலைபோல் நிற்கும். வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டினாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரி எனில், அதற்கான கட்டணச் சலுகையைக் கேட்டுப் பெறலாம்.

பொறியியல் பட்டம் மட்டுமே வழி என்பதில்லை. பட்டயப் படிப்பு முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணினி அறிவியல் இளநிலைப் பட்டதாரிகளையும் நிறுவனங்கள் எடுக்கின்றன. டான்செட் தேர்வு எழுதி எம்.சி.ஏ. படித்தும் இத்துறைக்குள் வரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சியளித்து வேலை தரும் எச்.சி.எல். டெக்பீ திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைத் தாட்கோ சேர்த்துவிடுகிறது. வறுமையில் உள்ள குடும்பத்துக்கு இது கைகொடுக்கும். ஆயினும் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படித்து முடிப்பதாக உறுதி பூண்ட பிறகே இதில் சேர வேண்டும். பட்டமில்லாத வேலை இடையில் போய்விட்டால் அடுத்த கதவு திறப்பது கடினம்.

வேலை வாசல்: சட்டம் நின்றுவிடும் இடம்

மூன்றாம் ஆண்டின் இறுதியிலோ நான்காம் ஆண்டின் தொடக்கத்திலோ நிறுவனங்கள் கல்லூரிக்கு வருகின்றன. முதலில் கணிதத் திறன், ஆங்கிலம், நிரலாக்கம் ஆகியவற்றில் இணையவழித் தேர்வு. அடுத்துத் தொழில்நுட்ப நேர்காணல். கடைசியாக மனிதவளப் பிரிவின் நேர்காணல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு வேண்டும், நிலுவைத் தாள்கள் இருக்கக் கூடாது என்பது பல நிறுவனங்களின் நிபந்தனை.

பத்தாம் வகுப்பில் 55 விழுக்காடு வாங்கிய ஒரு மாணவர், பொறியியலில் 80 விழுக்காடு வாங்கினாலும் இந்த வடிகட்டியில் விழுந்துவிடுவார். பதினைந்து வயதில் கணித ஆசிரியரே இல்லாத பள்ளியில் படித்ததற்கான தண்டனையை இருபத்தொரு வயதில் அனுபவிக்கிறார். யாருடைய சாதியையும் கேட்காத நிபந்தனைதான் இது. ஆனால் யாரை வெளியே நிறுத்துகிறது என்று பார்த்தால் அதன் சாதி புலப்படும்.

அரசியலமைப்பின் 15(5) பிரிவின்படி தனியார் கல்லூரியிலும் இட ஒதுக்கீட்டைச் சட்டத்தால் கொண்டுவரலாம். 2014இல் உச்ச நீதிமன்றம் இப்பிரிவைச் செல்லத்தக்கதென உறுதிசெய்தது. வேலைவாய்ப்புக்கான 16(4) பிரிவோ அரசுப் பணிகளை மட்டுமே குறிக்கிறது. எனவே ஒரே வளாகத்தில், வகுப்பறையில் அமர்வதற்கு 69 விழுக்காடு பொருந்துகிறது. அவ்வகுப்பறைக்கு அடுத்த அறையில் நடக்கும் வேலைக்கான தேர்வுக்கு எந்த விழுக்காடும் பொருந்துவதில்லை. 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரியும் ஒரு துறையில், அவர்களுள் எத்தனை பேர் தலித்துகள் என்று வெளியிட வேண்டிய கடமைகூட எந்த நிறுவனத்துக்கும் இல்லை. தனியார் துறை ஒதுக்கீடு பற்றிய விவாதம் 2006ஆம் ஆண்டையொட்டி எழுந்தபோது, தொழில் கூட்டமைப்புகள் சட்டம் வேண்டாம், நாங்களே தன்னார்வ நடத்தை நெறியைப் பின்பற்றுகிறோம் என்றன. தன்னார்வத்தை எந்த நீதிமன்றத்திலும் கேட்டுப் பெற முடியாது.

‘தகுதி’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவுகோல். நாளிதழ்களில் வந்த தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியும் வெவ்வேறு சாதி, மத அடையாளமுள்ள பெயர்களும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினார்கள். ஆதிக்கச் சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிடுகையில் தலித் பெயருக்கு இருந்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. இஸ்லாமியப் பெயருக்கு அதனினும் குறைவு. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரை இன்னொன்றைக் காட்டியது. தாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று உறுதியாகச் சொன்ன அம்மேலாளர்கள், விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’ முக்கியம் என்பதையும் அதே உறுதியோடு சொன்னார்கள். அப்பா என்ன செய்கிறார், அண்ணன் என்ன படித்தார் என்ற கேள்விகளுக்கு ஒரு தலித் பட்டதாரி உண்மையைச் சொன்னால் மதிப்பெண் குறையும். பொய் சொன்னால் தன்மானம் குறையும்.

தமிழ்நாட்டில் பெயரின் பின்னால் சாதிப் பட்டம் இடுவதில்லை என்பதால் பெயர் நம்மைக் காட்டிக்கொடுப்பதில்லை. அந்த வேலையைச் சிறு கேள்விகள் செய்கின்றன. “மதுரையில் எந்தப் பக்கம்?” “ஊருக்குள்ளயா, வெளியிலயா?” “உங்க குலதெய்வம் எது?” நேர்காணலில் கேட்கப்படாத இவை பணியில் சேர்ந்த முதல் மாதத்தில், உணவு இடைவேளையில் கேட்கப்படுகின்றன. விடை தெரிந்த பின் யார் எந்தத் திட்டத்துக்கு எடுக்கப்படுகிறார், யார் பெஞ்சில் நீள்கிறார், யாருக்கு வாடிக்கையாளர் முன் பேசும் வாய்ப்புத் தரப்படுகிறது என்பவை மெல்ல மாறக்கூடும். அசைவம் கொண்டுவரத் தடை, ‘சைவர்களுக்கு மட்டும்’ வாடகை வீடு, தெரிந்தவர் பரிந்துரையால் நிரம்பும் பணியிடங்கள் ஆகியவையும் இப்பட்டியலில் சேரும்.

கடல் கடந்தாலும் இது தீர்வதில்லை. 2020 ஜூன் 30 அன்று கலிபோர்னியா மாநிலத்தின் வேலைவாய்ப்பு உரிமைத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அங்குப் பணிபுரிந்த தலித் பொறியாளர் ஒருவரின் ஐ.ஐ.டி. சேர்க்கை ஒதுக்கீட்டில் கிடைத்தது என்பதை அதே கல்விக்கூடத்தில் பயின்ற மேலாளர் சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார். முறையிட்ட பிறகு அப்பொறியாளர் ஒதுக்கப்பட்டார் என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. தனிநபர்களாகச் சேர்க்கப்பட்ட இரு மேலாளர்கள் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. நிறுவனத்தின் மீதான வழக்கு நீடித்தது. அதே ஆண்டு பிப்ரவரி 21 அன்று சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களில் அதுவே முதல். கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற சட்ட முன்வடிவை அம்மாநில ஆளுநர் அக்டோபரில் நிராகரித்தார். சாதியை ஏற்றுமதி செய்த நாட்டில், தனியார் அலுவலகத்துக்கென்று அப்படியொரு தனிச்சட்டம் இன்றும் இல்லை.

கையெழுத்திடும் முன்

இப்போது அந்த மகனின் கேள்விக்கு வருவோம். வேலை ஒப்பந்தத்தில் குறைந்தபட்சப் பணிக்காலம் விதிப்பது தன்னளவில் சட்டவிரோதம் அன்று. 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற பொதுத்துறை வங்கியின் நிபந்தனையைச் செல்லும் என்றது. ஆகவே “பாண்டு எல்லாம் கோர்ட்டில் நிற்காது” என்று நண்பர்கள் சொல்வதை நம்பிக் கையெழுத்திடக் கூடாது. அதே வேளையில், ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் தானாகவே நிறுவனத்துக்குச் சேர்ந்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீட்டை மட்டுமே கேட்க முடியும். எழுதப்பட்ட தொகை அதன் உச்சவரம்பு. பயிற்சியே தராத நிறுவனம் பயிற்சிச் செலவு என்று 2 லட்சம் கேட்டால் அதை எதிர்த்து வாதிட இடமுண்டு. வேலையை விட்ட பிறகு இன்ன நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற தடையை 27ஆம் பிரிவு செல்லாததாக்குகிறது.

அசல் சான்றிதழ்கள் வேறு கதை. அவற்றைச் சரிபார்க்கக் காட்டலாம். பிணையாக ஒப்படைக்கக் கூடாது. சான்றிதழ் இல்லாதவர் வேறு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. விலகிச் செல்ல முடியாத உழைப்புக்கு நம் முன்னோர் அறிந்த பெயர் பண்ணையடிமை. கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் அறிவுறுத்தியிருக்கிறது.

வேலைக்காக யாராவது முன்பணம் கேட்டால் அது வேலை அன்று, மோசடி. பணி நியமனக் கடிதத்தில் வேலையளிப்பவரின் பெயரைக் கவனியுங்கள். பெரிய நிறுவனத்தின் கட்டடத்தில் அமர்ந்திருந்தாலும், ஆட்களை வழங்கும் வேறொரு சிறு நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியராக நீங்கள் இருக்கக்கூடும்.

பணியில் உள்ளோரின் உரிமைகள்

ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்பது நெடுநாள் பரப்பப்பட்ட பொய். அவர்கள் சங்கம் அமைக்கலாம், தொழில் தகராறு எழுப்பலாம் என்று தமிழ்நாடு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. 2015இல் நீக்கப்பட்ட டி.சி.எஸ். ஊழியர் ஒருவரை மீண்டும் பணியில் சேர்க்குமாறு சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022இல் உத்தரவிட்டது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பிலும் சரி, ஒருவர் தொழிலாளியா என்பதைத் தீர்மானிப்பது அவரது பதவிப் பெயரன்று. அவர் உண்மையில் செய்யும் வேலையின் தன்மை. ‘அசோசியேட்’ என்றோ ‘கன்சல்டன்ட்’ என்றோ அழைத்தாலும், பிறரை மேலாளாமல் நிரல் எழுதுபவர் தொழிலாளி என வாதிடலாம். 2025இல் டி.சி.எஸ். நிறுவனம் உலகெங்கும் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு தொடக்கநிலை வேலைகளைத் தொடும் இக்காலத்தில் இந்த அறிவு ஒவ்வொருவருக்கும் தேவை. “நீங்களே விலகிவிடுங்கள்” என்று கேட்டால் அன்றே விலகல் கடிதம் எழுதித் தர வேண்டாம். தாமாக விலகியவருக்கு வழக்கு மெலிந்துவிடும்.

சாதி இழிவுக்கு வன்கொடுமை தடுப்புச் சட்டம் உண்டு. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 3(1)(ஆர்) பிரிவிலும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்) பிரிவிலும் குற்றம். தொழிலோ வேலையோ செய்யவிடாமல் தடுப்பதை 3(1)(இசட்.ஏ) பிரிவின் ‘இ’ உட்பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால் நான்கு சுவருக்குள், பிறர் எவரும் இல்லாதபோது நடந்தது பொதுப் பார்வைக்கு உட்பட்டதாகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மேலாளரின் மூடிய அறையில் நடக்கும் அவமதிப்பு பெரும்பாலும் இந்த இடைவெளியில் விழுகிறது. இணையத்தில் இடப்பட்ட இழிவுரை பொதுப் பார்வைக்கு உட்பட்டதே என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது நமக்குச் சாதகமான ஒன்று. ஆகவே நாள், நேரம், சொன்ன சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள்; குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் உங்கள் சொந்தச் சான்றாகப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்; நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை வெளியே எடுக்காதீர்கள். தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாக இச்சட்டப் பாதுகாப்பும் கிட்டாமல் இருப்பது தனி அநீதி.

எதைக் கேட்க வேண்டும்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் ஒவ்வோர் அலுவலகத்திலும் பாலியல் துன்புறுத்தல் குறித்த உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்கியது. சாதிப் பாகுபாட்டுக்கும் அத்தகைய குழுவைச் சட்டத்தால் கோரலாம். எல்காட் போன்ற அரசு நிறுவனத்தின் நிலத்தில், அரசின் சலுகைகளோடு இயங்கும் நிறுவனங்கள் தம் ஊழியர்களின் சமூக விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று மாநில அரசிடம் நிபந்தனை விதிக்கக் கேட்கலாம். கல்லூரிகள் தம் வேலைவாய்ப்பு விவரங்களைச் சமூக வாரியாக வெளியிட வேண்டும் என்று மாணவர் அமைப்புகள் இந்தக் கல்வியாண்டிலேயே கேட்கலாம். அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். எண்கள் வெளியே வராமல் தனியார் துறை ஒதுக்கீட்டுக் கோரிக்கை ஓர் அடி நகராது.

அதுவரை, நம்மில் முன்னே சென்றவர்களுக்கு ஒரு கடமை உண்டு. ஐ.டி. துறையில் இருக்கும் ஒவ்வொரு தலித் பொறியாளரும், தம் ஊரின் இறுதியாண்டு மாணவர் இருவருக்கு மாதிரி நேர்காணல் நடத்தி, ஒரு பரிந்துரையும் தரலாம். மற்றவர்கள் இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். அதற்குத் ‘தகுதி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

அந்த மகன் சான்றிதழ்களைத் தர மறுத்து, நகல்களை மட்டும் தருவதாக நிறுவனத்துக்கு எழுதினார். பதில் வரவில்லை, வேலை போயிற்று. ஏழு மாதங்களுக்குப் பின் மதுரையிலேயே வேறொரு நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் சேர்ந்தார். அந்த ஏழு மாதங்களும் அவர் தாயின் சித்தாள் கூலியில் கழிந்தன. உரிமையை நிலைநாட்டுவதற்கான விலையை இன்றும் அந்தத் தாய்தான் கட்டுகிறார். அவ்விலையைச் சட்டம் ஏற்கும் நாள் வரை நம் வேலை முடியவில்லை.